அக்காவிடம் யாரும் கேட்கவில்லை

ஆடி பிறந்துவிட்டால் சிவகாசியில் எங்கள் காலண்டர் அச்சகத்துக்குள் அடுத்த வருடம் வந்துவிடும். வெளியே இன்னும் தீபாவளிக்கே பட்டாசு லோடு ஏறாமல் கிடக்க, உள்ளே நாங்கள் அதற்கடுத்த தைப்பொங்கலையும் சித்திரையையும் கட்டுக்கட்டாக அடுக்கிக்கொண்டிருப்போம். எனக்குத் தாள் சரிபார்க்கும் வேலை. இயந்திரத்திலிருந்து வருகிற தாள்களை விசிறி போல விரித்து, மை கசிந்தது, தேதி மங்கியது, ஓரம் மடங்கியது எல்லாவற்றையும் உருவிப் போட வேண்டும். படத்தை நான் பார்ப்பதில்லை. முருகனோ மகாலட்சுமியோ, என் கண் மூலைகளிலும் தேதிக் கட்டங்களிலும்தான் ஓடும்.

அன்றைக்கு ஒரு தாளில் கண் நின்றுவிட்டது.

ஒரு தனியார் மருத்துவமனையை நடத்துகிற அறக்கட்டளை கொடுத்த ஆர்டர் அது. ஒவ்வொரு தாளிலும் அவர்கள் செய்யும் நல்ல காரியம் ஒன்றின் படம். கண் முகாம், மரம் நடுதல், சக்கர நாற்காலி வழங்குதல். கோடை மாதங்களுக்கான தாளில் என் அக்கா இருந்தாள். வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டர் ஒருவர் அவள் நெஞ்சில் குழாயை வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தார். அக்கா குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானை தோளிலிருந்து இறங்கியிருந்தது அவளுக்குத் தெரிந்திருக்காது. கீழே கொட்டை எழுத்தில், ‘நாகரிகம் எட்டாத மலைமக்களையும் எங்கள் கரம் எட்டும்.’

என் பக்கத்தில் நின்று தாள் பிரித்த பெண் எட்டிப் பார்த்தாள். “ஐய, முழிக்கிற முழியப் பாரு. குளிச்சு எம்புட்டு நாளாச்சோ.”

“எங்க அக்கா அது,” என்றேன்.

அவள் சமாதானமாக, “நல்லாத்தான் இருக்காக. போட்டோக்காரன் சரியா எடுக்கல,” என்றாள்.

நாங்கள் பளியர், மலைப் பழங்குடி. திருவில்லிப்புத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் குடியிருப்பு. நான் அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் பன்னிரண்டாவது வரை படித்துவிட்டு வேலைக்காகச் சிவகாசிக்கு இறங்கி வந்தவள். அக்கா இறங்கவில்லை. மச்சானோடு தேனுக்கும் கடுக்காய்க்கும் மலையேறுவாள். சீசனில் மாந்தோப்புக் கூலிக்குப் போவாள். அவளை ஒரு காலண்டரில் பார்த்தது எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும் என்று அச்சகத்தில் சிலர் நினைத்தார்கள். எனக்கு வந்தது சந்தேகம். இந்தப் படத்தை அவள் எப்போது, யாருக்கு, எதற்காகக் கொடுத்தாள்?

படம் எந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்பது பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. பின்னால் எங்கள் குடியிருப்பின் புளியமரம். அதற்கு முந்தைய வருடம் ஐப்பசி மழை விட்டபிறகு அங்கே ஒரு முகாம் நடந்தது. நானும் லீவுக்குப் போயிருந்தேன். இரண்டு வேன்கள் வந்தன. முதலில் இறங்கியது பேனர், அடுத்தது கேமரா, அதற்குப் பிறகுதான் டாக்டர்கள். எங்களை வரிசையில் நிற்க வைத்தார்கள். பெரியவர்களையும் “ஏய், இங்கன வா” என்றே கூப்பிட்டார்கள். மாத்திரை கொடுக்கும்போதுகூடக் கைபடாமல் மேலேயிருந்து உள்ளங்கையில் போட்டார்கள். கையுறைக்கு மேல் கையுறை போட்டிருந்த ஒரு டாக்டர், இன்னொருவரிடம், “குளிச்சுட்டு வரச் சொல்லியிருக்கலாம்ல,” என்று சொன்னது எங்களுக்குக் கேட்காது என்று நினைத்திருப்பார். அன்று காலையில்தான் எல்லாரும் ஓடையில் குளித்து, இருப்பதில் நல்ல துணியாக உடுத்திக்கொண்டு நின்றிருந்தோம்.

கடைசியில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். எதற்கு என்று நான் கேட்டேன். “ரிசல்ட் வரும், சொல்லுவோம்,” என்றார் ஊசி குத்தியவர். வேன்கள் போயின. ரிசல்ட் வரவில்லை. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். மச்சான், “நம்ம ரத்தத்த மெட்ராசுல விக்கிறாக. காட்டுத்தேன் குடிச்ச ரத்தம், அதுக்குக் கிராக்கி,” என்றார். நான் படித்தவள், அப்படியெல்லாம் இருக்காது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வேறு என்ன நடந்தது என்று எனக்கும் தெரியாதே. தெரியாத ஒன்றை மறுப்பது எப்படி?

தாளைப் பார்த்த அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். கடைசி பஸ் நிறுத்தத்திலிருந்து ஓடைக்கரையோடு நடக்க வேண்டும். அக்கா வழக்கமாகப் பாதி வழிக்கு வந்துவிடுவாள். அன்று வரவில்லை. வீட்டு வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்தவள், எழுந்ததற்கே மூச்சு வாங்கினாள். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், உள்ளே சிவப்பே இல்லை. மடியில் ஒரு பிடி பச்சரிசி வைத்து மென்றுகொண்டிருந்தாள்.

“எப்ப இருந்துக்கா இப்படி?”

“ரெண்டு மூணு மாசமா மலையேற முடியல. படி ஏறுனாலே நெஞ்சு அடிச்சுக்குது. தூரம் வந்தா நிக்கவே மாட்டேங்குது. அது இன்னைக்கி நேத்தா, சின்னவ பெறந்ததுல இருந்து அப்படித்தான்.”

சின்னவள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அத்தனை வருடமாக மாதாமாதம் இப்படி ரத்தம் போயிருக்கிறது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காலண்டர் படத்தைக் காட்டினேன். கழித்த தாள் ஒன்றை மடித்துக் கொண்டுபோயிருந்தேன். வெகுநேரம் பார்த்தாள். முதலில் தன் முந்தானையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், இப்போது உடுத்தியிருந்ததை.

“இப்படியா நின்னேன்? நெஞ்சுக்குள்ள என்னமோ சத்தம் கேக்குது, பாக்கணும்னாக. நின்னேன். போட்டோன்னு யாரும் சொல்லலட்டி.”

“அங்கன உனக்கு என்ன சொன்னாக? நெஞ்சுல என்ன சத்தமாம்?”

“ஒண்ணும் சொல்லல. அடுத்த ஆளக் கூப்ட்டாக.”

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அக்கா தலையை ஆட்டிய வேகத்தில் அவளுக்கே மயக்கம் வந்தது. மச்சான் ஓடிவந்து தாங்கினார். “நானும் கெஞ்சிப் பாத்துட்டேன். கேக்க மாட்டேங்கா,” என்றார்.

அவள் ஏன் கேட்கவில்லை என்பதை அன்றுதான் முழுதாகச் சொன்னாள். சின்னவள் பிறந்தது அரசு ஆஸ்பத்திரியில். வலியோடு போனவளைக் கட்டில் இருந்தும் வராந்தாவின் கடைசியில் தரையில் படுக்க வைத்திருக்கிறார்கள். மாமியார் இடுப்பில் கட்டிவிட்ட வேரை, கேட்காமலே கத்தரியால் நறுக்கிக் குப்பைத் தொட்டியில் எறிந்திருக்கிறார்கள். மாமியாரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். காது கேளாதவளிடம் பேசுவதுபோல ஒவ்வொருவரும் சத்தம் போட்டுப் பேசியிருக்கிறார்கள். வலியில் கத்தியபோது ஒரு நர்ஸ், “காட்டுல பெத்துப் போடுற ஆளுக, இங்க வந்துதான் சத்தமெல்லாம்,” என்றாளாம். பிள்ளை பிறந்த பிறகும் உள்ளே என்னவோ செய்திருக்கிறார்கள். எரிந்தது. என்னவென்று கேட்டதற்கு, “கழுவுறோம், சும்மா கெட,” என்றார்களாம்.

“பிள்ள பெத்துட்டேன். அதோட அந்த வாசப்படிக்குக் கும்பிடு போட்டுட்டேன்,” என்றாள் அக்கா.

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு அவர்களுக்கு இன்னொரு பிள்ளை வேண்டும் என்றிருந்தது எனக்குத் தெரியும். இருக்கன்குடிக்கு நடந்துபோய் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள். உண்டாகவில்லை. யாரோ செய்வினை என்றார்கள். அதற்கும் பரிகாரம் செய்து பார்த்தார்கள்.

மறுநாள் நான் அந்த அறக்கட்டளையின் மருத்துவமனைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, ஆளுயரப் பிள்ளையார். வரவேற்பில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “கூட்டுற வேலைக்கா? அதுக்குப் பின்பக்கமாப் போங்க,” என்றாள். முகாமில் எடுத்த ரத்தத்தின் ரிசல்ட் கேட்டு வந்திருக்கிறேன் என்றேன். அவள் யாருக்கோ போன் செய்தாள். மக்கள் தொடர்பு அதிகாரி என்று ஒருவர் வந்தார். சிரித்த முகம். காபி வரவழைத்தார். எனக்குக் காகிதக் கப்பிலும் அவருக்குப் பீங்கான் கோப்பையிலும் வந்தது. அது தற்செயலாகவும் இருக்கலாம். நான் குறித்துக்கொண்டேன்.

“எங்க ரத்தம் எடுத்தீகளே சார், என்ன ஆச்சு?”

“அது ஒரு ஆராய்ச்சிக்காக எடுத்ததும்மா. உங்களுக்குச் சொன்னாப் புரியாது.”

“புரியிற மாதிரிச் சொல்லுங்க. பன்னெண்டாவது படிச்சிருக்கேன்.”

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. “ரத்தம் சில சமயம் கெட்டுப்போயிரும். எல்லாத்துக்கும் ரிசல்ட் வரணும்னு இல்ல. உங்களுக்கு அரிசி, போர்வையெல்லாம் குடுத்தோம்ல?”

“காலண்டர்ல எங்க அக்கா போட்டோவப் போட்டிருக்கீகளே, அவளக் கேட்டுட்டா எடுத்தீக?”

“நல்ல காரியத்துக்குத்தானம்மா. யாரு கேவலமாப் போட்டோம்?”

அக்காவுக்கு உடம்பு முடியவில்லை என்பதைச் சொல்லக் கூடாது என்று நினைத்திருந்தேன். ஆத்திரத்தில் வாய் தவறி வந்துவிட்டது. உடனே மறுபடி அவர் முகம் மலர்ந்தது. “அடடா, கூட்டிட்டு வாங்க. எல்லாம் இலவசமாப் பாத்துருவோம். வரும்போது போட்டோல இருக்குற அதே சேலையவே கட்டிட்டு வரச் சொல்லுங்க. இப்ப ஒண்ணு, குணமானதும் ஒண்ணு எடுத்தா நல்லாருக்கும்.”

காபியைக் குடிக்காமல் எழுந்துவிட்டேன்.

அச்சகத்தில் எங்கள் மேற்பார்வையாளர் வயசாளி. எல்லோரும் அண்ணாச்சி என்போம். அக்காவின் தாளை அவர் முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னேன். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அந்த முந்தானையைப் பார்த்த உடனே தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

“பெரிய ஆர்டரு தாயி. எடுக்கச் சொன்னா மொதலாளி என்னயத்தான் எடுப்பாரு.”

“அப்ப எங்க அக்காவ இங்க கூட்டிட்டு வாரேன் அண்ணாச்சி. வாசக் கேட்டுக்கு முன்னால ஒக்காந்துக்கிடட்டும். வாரவுக போறவுக பாத்துக்கிடட்டும், எந்த முகம் நல்லாருக்குன்னு.”

அவர் முதலாளியிடம் போனார். முதலாளி அறக்கட்டளைக்குப் போன் போட்டார். அங்கிருந்து முதலில் வந்த பதில், முகத்தை மட்டும் மறைத்துவிடலாம் என்பது. முகத்தை மறைத்துவிட்டு உடம்பை மட்டும் காட்டுவது என்ன மரியாதை என்று கேட்டேன். இரண்டு நாள் இழுத்தது. பேப்பரில் வந்துவிடுமோ என்று முதலாளி பயந்திருக்க வேண்டும், அக்காவுக்காக அல்ல. எப்படியோ, அந்தத் தாளுக்கு வேறு பிளேட் போட்டார்கள். அக்கா இருந்த இடத்தில் மேகம் இறங்கிய மலை ஒன்று வந்தது. ஏற்கெனவே அடித்த தாள்களை வெட்டும் இயந்திரத்துக்குக் கொண்டுபோனபோது கூடவே போய் நின்றேன். கடைசிக் கட்டு துண்டாகும் வரை நகரவில்லை. “நம்ப மாட்டியா தாயி?” என்றார் அண்ணாச்சி. ஒன்றிரண்டு தாள் எப்படியும் வெளியே போயிருக்கும் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆனால் அக்காவின் மூச்சு அப்படியேதான் இருந்தது. படத்தை நீக்கிவிட்டால் நோய் போகுமா? ஏதாவது ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

அரசு ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு பெண் டாக்டர் வந்திருப்பதாகவும், நன்றாகப் பேசுவதாகவும் குடியிருப்புக்கு வரும் கிராம நர்ஸ் சொன்னாள். நன்றாகப் பேசுவது என்றதும் எனக்கு அந்தக் காகிதக் கப்பு ஞாபகம் வந்தது. அக்காவைக் கூட்டிப்போவதற்கு முன் நான் மட்டும் ஒருநாள் போனேன். தலைவலி என்று சீட்டுப் போட்டுக்கொண்டு, டாக்டர் தெரிகிற மாதிரி பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் இருந்தவர்களையெல்லாம் முன்னே போகவிட்டேன். யாரைப் பார்த்தாலும் முதலில் அந்த டாக்டரின் கையைத்தான் கவனித்தேன். வேட்டி வெளுத்த ஒரு விவசாயியின் வயிற்றை அமுக்கினார். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த, விரலெல்லாம் வெடிமருந்து ஏறிச் சாம்பல் நிறமாயிருந்த ஒரு பெண்ணின் கையைத் தன் கையில் வைத்துக்கொண்டு பேசினார். சத்தமும் போட்டார், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாத ஒரு கிழவரிடம். எல்லோரிடமும் ஒரே அளவுக்குச் சத்தம் போடுகிறாரா என்றுகூடப் பார்த்தேன்.

என் முறை வந்தது. நாடி பார்த்தார், கண்ணைப் பார்த்தார். “உங்களுக்குத் தலவலி இல்ல. காலைல இருந்து என்னயத்தான் பாத்துக்கிட்டு இருக்கீங்க. எதுக்கு வந்தீங்க?” என்றார்.

சொன்னேன். எல்லாவற்றையும் அல்ல. நாங்கள் யார் என்பதையும், அக்காவுக்கு மூச்சு வாங்குவதையும், இதே ஆஸ்பத்திரியின் வராந்தாவில் நடந்ததையும். அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும், “அவங்க வரணும்னா நான் என்ன செய்யணும்?” என்று கேட்டார்.

இப்படி ஒரு கேள்வியை யாரும் எங்களிடம் கேட்டதில்லை. கேட்டதும் சந்தேகம் இன்னும் கூடியது. ஆனாலும் சொன்னேன். நான் கூடவே உள்ளே இருப்பேன். தொடுவதற்கு முன்னால் எதற்கென்று அக்காவிடம் சொல்ல வேண்டும், என்னிடம் அல்ல. நர்சிங் படிக்கிற பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தி வேடிக்கை காட்டக் கூடாது. போன் வெளியே வரக் கூடாது. இடுப்பில் கட்டியிருப்பதை அவளேதான் அவிழ்ப்பாள். அவர் பேனாவை எடுத்தார்.

“எழுதாதீக. ஞாபகம் வச்சுக்கங்க,” என்றேன்.

பேனாவை வைத்துவிட்டார்.

அக்காவைச் சம்மதிக்க வைத்தது நான் அல்ல, மச்சான். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. குறிப்பிட்ட நாளில் ஆட்டோவில் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். அக்கா புதுச்சேலை கட்டியிருந்தாள். வாசலில் இருந்த ஆயா, பெஞ்சு காலியாக இருக்கும்போதே, “செருப்ப அங்கன விட்டுட்டுத் தரையில ஒக்காரு,” என்றாள். அக்கா திரும்பி ஆட்டோவைப் பார்த்தாள். அது போய்விட்டிருந்தது. நான் அவள் கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தேன். ஆயா ஏதோ முணுமுணுத்தாள். டாக்டர் சொன்ன எதுவும் இந்த வாசல் வரை வரவில்லை என்று எனக்குள் குறித்துக்கொண்டேன்.

உள்ளே டாக்டர் தன் வார்த்தையைக் காப்பாற்றினார். அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசினார். ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அங்கேயே பார்த்து, “ரத்தம் பாதிக்கும் கீழ போயிருச்சு. அதான் மூச்சு வாங்குது, நெஞ்சுலயும் சத்தம் கேக்குது,” என்றார். ஏன் இவ்வளவு போகிறது என்று தெரிய, உள்ளே பார்க்க வேண்டும் என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு தானே இடுப்புக் கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்தாள்.

“வலிக்குமா?”

“கொஞ்சம். நிறுத்துங்கன்னா நிறுத்திருவேன்.” அதோடு விட்டிருக்கலாம். “உங்க ஆளுக பொதுவா வலி நல்லாத் தாங்குவாங்க,” என்றும் சேர்த்தார்.

“எங்களுக்கும் வலிக்கும்,” என்றேன் நான்.

அவர் கை நின்றது. “தப்பு. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது,” என்று அக்காவிடம் சொன்னார். பிறகு பார்த்தார். அப்புறம் அக்காவிடம் மெதுவாக, “உங்களுக்குள்ள காப்பர்-டி இருக்கு. தெரியும்ல?” என்றார்.

“அது என்னது?”

“பிள்ளை உண்டாகாம இருக்க வைக்கிறது. சிலருக்கு அதனால ரத்தம் அதிகமாப் போகும். சின்னவ பெறந்தப்ப வச்சிருப்பாங்க. உங்ககிட்டக் கேட்டிருக்கணுமே?”

அக்கா கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். அவள் அழவில்லை. ஒரு விரலை வயிற்றில் வைத்து, “இங்கனயா? இம்புட்டு வருசமா?” என்றாள்.

இருக்கன்குடிக்கு நடந்த கால்களை நான் நினைத்தேன். செய்வினை என்று சொன்ன வாய்களையும். டாக்டர் பேசிக்கொண்டே போனார். “மலையில இருக்கறவங்க மறுபடி செக்கப்புக்கு வரமாட்டாங்கன்னு, பெறந்த கையோட வச்சுருவாங்க சில இடத்துல...”

“அப்ப இது உங்களுக்கெல்லாம் தெரியும்,” என்றேன்.

அவர் ஒரு கணம் சுவரைப் பார்த்தார். “நடக்கும்னு தெரியும்,” என்றார். “உங்க அக்காகிட்டக் கேக்காம வச்சது தப்பு. நான் இல்ல, ஆனா எங்க ஆளுகதான் செஞ்சது. மன்னிச்சுக்கங்கம்மா.” கடைசிச் சொல் அக்காவுக்கு.

இந்த மன்னிப்பையும் நான் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். புகார் போகாமல் இருக்கக் கேட்கிறாரோ? அக்கா அப்படியெல்லாம் யோசிக்கவில்லை. “எடுத்துருங்க. எடுத்து என் கையில குடுங்க,” என்றாள்.

எடுத்தார்கள். ஒரு சிறிய தட்டில் வைத்துக் காட்டினார்கள். ஆங்கில டி எழுத்து மாதிரி, சுண்டுவிரல் நீளம்கூட இல்லை, கம்பி சுற்றிய ஒன்று. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மச்சானைக் கூப்பிட்டுக் காட்டச் சொன்னாள். அவர் பார்த்துவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது ஜன்னலிலிருந்து தெரிந்தது.

ரத்தம் ஏற்ற வேண்டும் என்றபோது மறுபடி சிக்கல். “எடுத்துட்டுப் போனவுக ஒரு சேதியும் சொல்லல. இப்ப ஏத்தணுங்கீக. யாரு ரத்தம் அது?” என்று அக்கா கேட்டாள்.

“யாரோ ஒருத்தர் தானமாக் குடுத்தது. பேரு எங்களுக்கும் தெரியாது.”

“கேட்டுத்தான எடுத்தாக அவருகிட்ட?”

“அவரா வந்து குடுத்தது.”

“அப்பச் சரி,” என்று கையை நீட்டினாள்.

ஒரு வாரம் வார்டில் இருந்தாள். கட்டிலில்தான். மாமியார் உடனிருக்க அனுமதித்தார்கள். வந்த முதல் நாளே ஆயாவுக்கும் மாமியாருக்கும் சண்டை. அப்புறம் ஒருநாள் மாமியார் கொண்டுவந்த தேனை ஆயா வாங்கி நக்கியதைப் பார்த்ததாக அக்கா சொன்னாள். அதை வைத்து நான் எந்த முடிவுக்கும் வரவில்லை.

புகார் கொடுத்தோம். டாக்டரே கொடுக்கச் சொன்னார். விசாரிக்க ஒரு அதிகாரி குடியிருப்புக்கே வந்தார். அக்காவிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, “இப்படியெல்லாம் பேச யாரும்மா சொல்லிக் குடுத்தது?” என்பது. அக்கா, “வலிதான் சொல்லிக் குடுத்துச்சு,” என்றாள். அன்றைக்குப் பிரசவம் பார்த்தவர்கள் எங்கெங்கோ மாறிப் போய்விட்டார்களாம். யாருக்கும் எதுவும் நடக்கவில்லை. அக்கா மாதிரி இன்னும் யாருக்கெல்லாம் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னோம். எங்கள் குடியிருப்பில் மட்டும் இன்னும் இரண்டு பெண்களிடம் இருந்தது தெரிந்தது. ஒருத்திக்கு அது தேவையாக இருந்தது. வைத்துக்கொள்கிறேன் என்றாள். இன்னொருத்தி எடுத்துவிடச் சொன்னாள். அந்த டாக்டர் மாதம் ஒருமுறை வர ஆரம்பித்தார். பேனர் இல்லை. ரத்தம் எடுத்தால் அடுத்த முறை வந்து அவரவரிடம் தனியாகப் பதில் சொன்னார். ஒவ்வொரு முறையும் நான் போனில் அக்காவிடம் கேட்பேன், “சொன்னாகளா?” என்று. “சொன்னாக,” என்பாள். அடுத்த மாதமும் கேட்பேன்.

அக்காவுக்கு உடம்பு தேறிவிட்டது. பாதத்தில் வீக்கம் வடிந்து மறுபடி மலையேறுகிறாள். இன்னொரு பிள்ளை பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வயது கொஞ்சம் ஏறிவிட்டது. அந்த வருடங்களை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. ஆனால் குடியிருப்பிலிருந்து எந்தப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இப்போது அக்கா கூடவே போகிறாள்.

போன மாதம் அந்த டாக்டரை மாற்றிவிட்டார்கள். சாதாரண மாறுதல்தான் என்று நர்ஸ் சொன்னாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. அவருடைய இடத்துக்கு ஒரு இளம் ஆண் டாக்டர் வந்திருக்கிறார். அவர் வந்த முதல் வாரமே, நிறைமாதமாயிருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு அக்கா போயிருக்கிறாள். அவர் ஊசியை எடுத்ததும் அக்கா குறுக்கே கையை நீட்டியிருக்கிறாள்.

“எதுக்குன்னு மொதல்ல இவகிட்டச் சொல்லுங்க. பெறகு குத்துங்க.”

“அவர் என்ன சொன்னாரு?” என்று போனில் கேட்டேன்.

“ஊசியக் கீழ வச்சாரு. வச்சுட்டு என்னயப் பாத்தாரு. பெறகு அவளப் பாத்துச் சொன்னாரு.”

“எப்படிப் பாத்தாரு? கோவமாவா?”

“தெரியலட்டி,” என்றாள் அக்கா. “வெள்ளிக்கிழம மறுபடி வரச் சொல்லியிருக்காரு. நீயும் வா. வந்து பாரு.”